நீ எழுந்து வராத திருவிருந்து

இன்று காலை எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "ஜெபக் குறிப்புகளை அனுப்பலாம்." யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். வழக்கம்போல் என் விரல் பரபரத்தது. எதிர்வீட்டுப் பெண் கணவனை விட்டு வந்துவிட்ட கதையைப் பாதி தட்டிவிட்டேன். அப்போதுதான் உன் நினைவு வந்தது. நீ கர்த்தரிடம் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் என் வாயை அடைக்க உன்னால்தான் முடிகிறது.

உன் மகனுக்குச் சிறுசேரியில் வேலை போனதையும், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்க அவன் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதையும் தோழி என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். நான் அதை ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் ஜெபக் குறிப்பாகச் சொன்னேன். கண்ணீரோடுதான் சொன்னேன். அந்த வாரமே தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஓர் அக்கா அவனை நிறுத்தி, "கவலப்படாத தம்பி, நாங்கல்லாம் ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை. பாவ அறிக்கையை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். வரிசையாக எழுந்து போனோம். நீ மட்டும் அசையவில்லை. இவள் மனதில் என்ன கறையோ என்று உனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே முழங்காலிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி வரல?"

"உம்மேல கோவமா இருக்கேன். அத வச்சிக்கிட்டு எப்படி வர்றது?"

"நான் ஜெபத்துக்குத்தானே சொன்னேன்?"

"சரி. சொல்லும்போது உனக்கு உள்ள எப்படி இருந்துச்சு? அத மட்டும் யோசி."

பஸ் மேடவாக்கம் தாண்டுவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. நன்றாக இருந்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியது பிடித்திருந்தது. கண்ணீர் நிஜம்தான், அந்த ருசியும் நிஜம்.

மறுநாளே உன் வீட்டுக்கு வந்து உன்னிடமும் உன் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நீ திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அடுத்த திருவிருந்தில் நான் எழுந்திருக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தேன். நீதான் என் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றாய். கர்த்தர் என்னை மன்னித்தார் என்று அந்தக் கையில்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஒவ்வொரு திருவிருந்திலும் எழுவதற்கு முன் உன் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். சில நேரம் வரும் பதில் வெட்கப்பட வைக்கிறது. அதையும் கர்த்தரிடம் சொல்லிவிட்டே எழுந்து போகிறேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட மாட்டார், எனக்குத் தெரியும்.

காலையில் தட்டிய கதையை அழித்துவிட்டு வேறொன்று அனுப்பினேன்: "என் நாவுக்காக ஜெபியுங்கள்."