நெஞ்சில் நின்ற சோறு

அண்ணா,

திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் இன்று என் எதிரே ஒருவர் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய்ச் சோறு, உடனே ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு முதுகை நிமிர்த்தி நெஞ்சை நீவிக்கொண்டு காத்திருந்தார். சோறு இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். என் கை இலைக்குப் போகவில்லை. உன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். உனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. களி நெஞ்சில் நிற்கிறது என்றாய். பிறகு சாமைச் சோறு நின்றது, அப்புறம் கஞ்சியும். புளியமரம் ஏறி உலுக்கும் உன் உடம்பு கரைந்துபோனது. உன்னை மடக்க அண்ணி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று ஊரில் யாரோ உன் காதில் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அவளுக்கோ வேறு சந்தேகம். வீட்டில் சாப்பிடாதவனுக்கு வேறெங்கோ யாரோ பரிமாறுகிறார்கள் என்று என்னிடம் அழுதாள். யாரை நம்புவதென்று எனக்கும் தெரியவில்லை.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று நீ முடிவுசெய்திருந்த சமயத்தில்தான், கெஞ்சிக் கூத்தாடி உன்னை மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதைக்கூட நீ சந்தேகத்தோடுதான் குடித்தாய். உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்கவில்லை என்றார் டாக்டரம்மா.

“படத்துல குழாய்தான் தெரியுது. நீங்க எவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு அதுல தெரியாது. அத நீங்கதான் சொல்லணும்.”

சோறு நிற்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, படுத்தால் மேலே வருகிறதா, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் “பரவால்லங்க” என்றாய். உள்ளதைச் சொன்னால் நெஞ்சை அறுத்துவிடுவார்கள் என்று உனக்குப் பயம்.

கதவோரம் நின்றிருந்த அண்ணி வாய்திறந்தாள்.

“பொய் சொல்றாருங்க. கஞ்சிகூட நிக்குது. படுத்தா மூக்கு வழியா வர்து. செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கினேதான் தூங்குறாரு. நாலு பேரு எதிர்ல வாந்தி வந்துடும்னு ஒரு கல்யாணத்துக்கும் போறதில்ல.”

நீ திரும்பிப் பார்த்தாய். “உனுக்கு எப்டித் தெரியும்?”

“எந்த வூட்டுக்குப் போறன்னு பாக்கத்தான் பின்னாடியே வந்தேன். நீ பாற மறைவுல குந்திக்கினு கக்கிக்கினு இருந்த.”

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார். நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய். “கல்யாணத்துக்கு மின்னாடியே ஒரொரு வாட்டி நிக்கும்ங்க.”

அண்ணி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

குழாய் விட்டு அடைப்பை விரித்த பிறகு உனக்குச் சோறு இறங்கியது. மறுபடி காட்டப் போனபோதெல்லாம் அதே கேள்விகள்தான். பதில் சொல்லுமுன் நீ அண்ணியின் முகத்தைப் பார்ப்பாய். அவள் தலையாட்டிய பிறகே வாய்திறப்பாய். பல வருடம் நன்றாகவே வாழ்ந்தீர்கள்.

நீ போய்ச் சேர்ந்து, உன் காரியம் முடிந்த மறுநாள் அண்ணி என்னிடம் கேட்டாள். “மருந்து வச்சேன்னு சொன்னாரே, அது தப்புன்னு உங்கிட்டயாவது சொன்னாரா?”

“அண்ணன் சொல்ச்சி அண்ணி,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நீ சொல்லவே இல்லை, அண்ணா. உனக்காகச் சொன்ன அந்தப் பொய் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.