பக்கம் 211 முதல் 224 வரை

ஜூன் 14, சனி

பள்ளி இன்று அரை நாள். வந்து சோறு வடிப்பதற்குள் அப்பாவு அண்ணன் வாசலில் நின்றார். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். எங்கள் தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். விம்கோ நகரில் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி கொட்டி வைத்திருக்கும் கரி யார்டுக்கு உரிமம் புதுப்பிக்கப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தெருவில் நான் ஒருத்திதான் கெமிஸ்ட்ரி டீச்சர். ஆகவே மனுவை நான் எழுதினேன்.

"மூணாவது பாரா கீதே, அத்தப் படிச்சா ஆபீசருக்கு வேர்த்துடும்மா."

திறந்த கரி யார்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறு மூன்றரை மடங்கு அதிகம் என்று 2016-இல் ஓர் ஆய்வு சொல்கிறது. இதுதான் அந்த பாரா. எழுதிய பேராசிரியையின் பெயர், இதழின் பெயர், பக்கம் 211 முதல் 224 வரை, எல்லாம் போட்டிருந்தேன்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

உரிமம் கொடுக்கும் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விசாரணை ஜூலை 11. யார்டின் வக்கீல் அந்த ஆய்வின் முழு நகலைக் கேட்கிறாராம்.

"குட்த்துட வேண்டியதுதானே, நெட்ல தானே எட்த்தே?" என்றார் அப்பாவு அண்ணன். "குடுத்துடலாம்ணே" என்றேன்.

நான் அதைப் பார்த்ததே இல்லை. போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அந்தச் செயலியிடம் கேட்டேன். அது சொன்னதை அப்படியே எழுதினேன். பெயரும் பக்க எண்ணும் அத்தனை சுத்தமாக இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பதிலை மட்டும் எழுதினால் "ஸ்டெப்ஸ் எங்கே?" என்று மார்க்கைக் குறைக்கிறவள் நான்.

ஜூன் 28, சனி

நேற்றும் இன்றும் தேடினேன். ஒரு தளம் கிரெடிட் கார்டு கேட்டது. ஒன்று 'இலவசம்' என்று சொல்லி ஏதோ விளையாட்டை இறக்கியது. இன்னொன்று பதிவு செய்யச் சொல்லி போன் நம்பரை வாங்கிக்கொண்டது. காலையிலிருந்து கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று அழைப்புகள்.

என் வீட்டுக்காரர் நெல்சன் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். "இன்னா டெபோ, உன் போனு கத்திகினே கீது. மன்சன் தூங்க வாணாமா?"

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அந்தச் செயலியிடமே மறுபடி கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆண்டு 2014 என்றது. இன்னொரு முறை கேட்டேன். வேறு பேராசிரியர், வேறு இதழ். அதே பணிவு, அதே தெளிவு.



ஜூலை 1, செவ்வாய்

இதழ் உண்மையில் இருக்கிறது. முதல் இதழிலிருந்து எல்லாவற்றையும் அவர்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறார்கள். கார்டு இல்லை, பதிவு இல்லை. கண்டுபிடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மனு எழுதிய அன்றே இதைச் செய்திருக்கலாமே?

2016-ஆம் ஆண்டு. பக்கம் 211. இறால் ஓட்டிலிருந்து உரம் தயாரிப்பது பற்றி ஒரு கட்டுரை. 224-இல் முடிகிறது.

மூன்று முறை திறந்து பார்த்தேன். மூன்று முறையும் இறால்தான்.

ஜூலை 2, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பேராசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இன்று பதில் வந்தது. அப்படி ஒரு கட்டுரையை அவர் எழுதவே இல்லை. எழுதாத கட்டுரையைக் கேட்டு இந்த வருஷம் அவருக்கு எழுதிய மூன்றாவது ஆள் நானாம். கோபமே இல்லாமல் எழுதியிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

நம்பக்கூடிய இலவச இடங்கள் என்று சிலவற்றைச் சொல்லியிருந்தார். யாரும் படிக்கும்படி வைத்திருக்கும் ஆய்விதழ்களின் பட்டியல், பல்கலைக்கழக ஆய்வேடுகள் உள்ள ஷோத்கங்கா, காற்றை அளந்து அரசு வெளியிடும் தினசரிக் கணக்கு. "கட்டுரையை நீங்களே திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்" என்று கடைசி வரி.

மாலை முழுக்கப் படித்தேன். வெளிநாட்டு ஆய்வுகள் இருக்கின்றன. கரித்தூள் கெடுதல் என்றுதான் சொல்கின்றன. ஆனால் 'இருக்கக்கூடும்', 'மேலும் ஆராய வேண்டும்' என்று சொல்கின்றன. எங்கள் பகுதியைப் பற்றித் தேடினால் கழிமுகத்துச் சேற்றைப் பற்றி இருக்கிறது, மீனைப் பற்றி இருக்கிறது, நண்டைப் பற்றிக்கூட இருக்கிறது. காற்றை அளக்கும் கருவி எதுவும் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இல்லை. எங்களை யாரும் அளக்கவில்லை. காசு கொடுத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் இல்லை.

நண்டுக்கு இருக்கிற கணக்கு எங்களுக்கு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஞானம் அக்கா வீட்டில் வைத்து. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மூச்சிரைப்பால் நான்கு வருஷமாக இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாதவர்.

அப்பாவு அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாமா சொல்றே? அப்ப அந்த மூணரை மடங்கு?"

"இல்லண்ணே. அப்படி ஒரு ஆய்வே இல்ல."

"பொய்யி?"

"தெரியாம எழுதிட்டேன்."

"தெரியாம எழ்துனா அவன் வுட்ருவானா? நாப்பத்தோரு பேரு கையெழுத்துமா அது. வூடு வூடா நான் ஏறி எறங்கி வாங்கினேன்." எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

ஞானம் அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது, விசில் மாதிரி. பிறகு கேட்டார்: "டெபோ, அந்தப் பேப்பரு பொய்யின்னா, என் இழுப்பும் பொய்யின்னுடுவாங்களா?"



ஜூலை 11, வெள்ளி

விசாரணை. நான் எழுந்து மூன்றாவது பாராவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அந்த ஆய்வு இல்லாதது, தவறு என்னுடையது என்றேன். வெளிநாட்டு ஆய்வுகள் நான்கின் நகல்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியும் நான் படித்தது. அதிகாரி வாங்கி ஃபைலுக்கு அடியில் வைத்தார்.

வக்கீல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மேடம் நேர்மையா ஒத்துக்கிட்டாங்க, பாராட்டுறேன். ஆனா மனுவில இருக்கற மீதியை எதை நம்பி எடுத்துக்கறது சார்?"

ஞானம் அக்கா தானாக எழுந்தார். தன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை நீட்டினார். அதிகாரி புரட்டிப் பார்த்தார். "ஆஸ்துமான்னு இருக்கு. கரியாலன்னு எங்கயாவது எழுதியிருக்காம்மா?"

"எனக்குத் தெரியுமே சார்."

"உங்களுக்குத் தெரியும்மா. பேப்பர்ல இல்லியே."

பஸ்ஸில் நான், அக்கா, அப்பாவு அண்ணன் மூவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

ஜூலை 12, சனி

"நீ கம்முனு இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்கிறார் நெல்சன்.

நகல் கேட்டவருக்குத் தெரியாமலா போகும்? ஒருவேளை போயிருக்குமோ? காலையிலிருந்து இதே நினைப்பு. துணி ஊறவைத்தது மத்தியானம் வரை அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உத்தரவு வந்தது. மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள்.

"மனுதாரர்கள் முன்வைத்த ஆய்வு இல்லாத ஒன்று என்பதை அவர்கள் தரப்பே ஒப்புக்கொண்டது." நாங்கள் கொடுத்த நான்கு கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வரியில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அத்தனையும் உண்மை.

ஆகஸ்ட் 9, சனி

தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றேன். பின்னால் யாரோ: "டீச்சரம்மா எழ்துன மனுதானே அது." நான் திரும்பவில்லை. அப்பாவு அண்ணன் எதிரே வந்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். முன்பெல்லாம் பத்து நிமிஷம் நின்று பேசாமல் நகரமாட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞானம் அக்கா தன் மகள் ஆன்சி வீட்டுக்குப் போகிறார், மாத்தூருக்கு. டாக்டர் இடத்தை மாற்றச் சொல்லிவிட்டாராம். மாத்தூரும் மணலி ஆலைகளுக்குப் பக்கம்தானே என்று வாய் வரை வந்தது. அவரே சொன்னார்: "அங்க மட்டும் காத்து இன்னா தேனாவா கீது? ராவுல இழுத்தா தூக்கினு ஓட பொண்ணு கீதுல்ல."

ஆட்டோவில் ஏறும் முன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"அப்பாவு அண்ணன்கிட்ட குடுங்கக்கா. நான்…"

"உங்கிட்ட குடுக்காம? உள்ளதச் சொன்னவ நீதானே." மேலே பேச மூச்சு போதவில்லை. கையால் போ போ என்று காட்டினார்.

செப்டம்பர் 6, சனி

அக்கா வீட்டைத் திறந்தேன். பதின்மூன்று நாள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடந்தது. அடுப்பு மூட்ட ஆள் இல்லை, நடக்க ஆள் இல்லை. போன அன்று நானே கழுவித் துடைத்த வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து சமையலறை வரை என் கால் தடம் கறுப்பில் பதிந்தது.

ஒரு மூலையில் ஒரு டைல்ஸை மட்டும் சுத்தமாகத் துடைத்து, தேதியைக் காகிதத்தில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டினேன். இது ஆய்வு ஆகாது. எனக்குத் தெரியும். யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை.

பூட்டிவிட்டு வெளியே வரும்போது அப்பாவு அண்ணன் தெருவில் நின்றார். "இன்னாமா பண்ணினு இருந்தே உள்ள?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். "என் வூட்டு மாடில ஒரு ரூம்பு காலியா கீது, அங்கயும் வெள்ள டைல்ஸ்தான்" என்றார்.