நடுவில் மட்டும் கட்டுப்பாடு

செவ்வாய், இரவு

துறைத் தலைவர் என் சர்க்யூட்டைக் கெடுத்தது அறியாமையால் அல்ல, திமிரால்.

அந்தக் குவாண்டம் சர்க்யூட்டில் மூன்று கேட், அதாவது வரிசையாக நடக்கும் மூன்று செயல்கள். முதலாவது செய்வதை மூன்றாவது அப்படியே திருப்பிவிடும். அதனால் இன்னொரு க்யூபிட் எரிந்தால் மட்டும் இயங்கு என்ற கட்டுப்பாடு நடுவில் இருப்பதற்கு மட்டும் போதும். கட்டுப்பாட்டுக் க்யூபிட் அணைந்திருந்தால் நடுவில் எதுவும் நடக்காது, ஓரத்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேலை குறைந்தால் பிழையும் குறையும். வியாழக்கிழமை திருச்சிப் போட்டியில் நான் பேசவேண்டியது இதைத்தான்.

இன்று அவர் மூன்றுக்கும் கட்டுப்பாடு போட்டுவிட்டார்.

“ரெண்டை மறந்துட்டியேம்மா.”

“மறக்கலைங்க சார். தேவையில்லைங்க.”

“கட்டுப்பாடு இல்லாம வுட்டா எது உருப்படும்? உங்க பக்கம் அதெல்லாம் பழக்கமில்ல போல.”

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. என் பக்கம் என்றால் உடையார்பாளையத்தில் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். காலேஜ் பஸ்ஸில் பெண்கள் யாருடன் பேசக்கூடாது என்பதற்கும் இவர்கள் வைத்திருக்கும் பெயர் கட்டுப்பாடுதான்.

பெரம்பலூர் காலேஜிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே என் சர்க்யூட்டையும் அவருடையதையும் சிமுலேட்டரில் ஓட்டினேன். விடை ஒன்றுதான். நிஜ இயந்திரத்தில் கேட்டுக்குக் கேட் சேரும் பிழையை, அந்த இரைச்சலை, சேர்த்ததும் அவருடையது உளறியது. படம் பிடித்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலாக அவர் குரல் பதிவு வந்தது: “நீ வர வேணாம். பேசறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

எழுதி அனுப்பினேன்: “என் சர்க்யூட்டில் எந்த இடம் தப்பு என்று காட்டுங்கள் சார். காட்ட முடியாவிட்டால் நான்தான் பேச வேண்டும்.”

படித்துவிட்டார். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. சொல்லுங்க சார், எந்த இடம்?