ராசையா மாமா அடைத்த ஓட்டைகள்

மரியே வாழ்க

ராயபுரம்,
நவம்பர் 24

அன்பு மகள் ரேச்சலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மழைக்கு எனக்கு வழக்கமாக வருகிற இருமலைத் தவிர வேறு குறை இல்லை. அந்தப் பனி ஊரில் உனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் அண்டக் கூடாது என்று தினமும் ஜெபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்லோவாக்கியா என்று சொல்ல எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை, கோயிலில் யாராவது கேட்டால் ஜெர்மனிக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிடுகிறேன், அவர்களும் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொள்கிறார்கள். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் உன் பஸ் வந்துவிடுகிறது. அது போதாதென்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார், அவரைப் பற்றி ஒரு விஷயமும் முழுசாகச் சொல்ல முடியாது. உன் கம்பெனி தௌசீஃபின் தங்கை உமைமா அண்ணனைப் பார்க்க அங்கே வருகிறாளாம், வண்ணாரப்பேட்டையில் அவள் வீட்டில் இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுக்கப் போகிறேன், அந்தப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் திட்டாதே.

போன வாரம் ஒரு வார்த்தை சொன்னாய். காரை வித்துடும்மா, ஓட்ட வேண்டிய அப்பாவே ஒக்கார மாட்டேன்னா அது எதுக்கு எடத்தை அடைச்சுக்கினு என்றாய். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாய், கேட்டதற்குக் குளிர் என்றாய். குளிருக்கு உறிஞ்சுவது எப்படி இருக்கும், அழுகைக்கு உறிஞ்சுவது எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். காரை விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். ஏன் என்று பொறுமையாகப் படி, நடுவில் தாண்டிக் கடைசிக்கு ஓடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நீ கொண்டு வந்த அன்று அந்தக் கார் இருந்த கோலத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. எண்ணூர் ரோட்டு பழைய இரும்புக் கடையிலிருந்து மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய், ரெண்டே சீட்டு, கூரை இல்லை, முன்விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் காரும்மா, அந்தக் காலத்துல இதுக்கு எவ்வளவு மவுசு தெரியுமா என்று நீ குதிக்கிறாய், நான் பூனையை எங்கே கொண்டு விடுவது என்று யோசிக்கிறேன். தண்டையார்பேட்டையில் நான் தார்ப்பாய் தைக்கிற கோடவுனின் திறந்த முற்றத்தில் அதை நிறுத்த முதலாளி ஷாரிக் பாய் சம்மதித்ததே பெரிய விஷயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து நேரே அங்கே போய் நீ அடியில் படுப்பாய், நான் மேலே சீட்டுக்கு அளவெடுப்பேன். நான் முதலில் தைத்த கூரையைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாயே. லாரி தார்ப்பாய் தைத்த கை, ஓரமெல்லாம் கயிறு கோக்க வளையம் அடித்துவிட்டேன். அதைப் பிரிக்காதேம்மா, உலகத்துலயே கயிறு கட்டுற ஸ்போர்ட்ஸ் கார் நம்மளுதுதான் என்று நீதான் சொன்னாய். கல்யாணம் ஆன புதிதில்கூட நான் அவ்வளவு சிரித்ததில்லை ரேச்சல்.

ஆனால் எல்லாம் எதற்காகச் செய்தோம் என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் லாரி ஓட்டிய உன் அப்பா, இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு பஸ்ஸில்கூட டிரைவர் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். செயற்கைக் காலில் நடப்பார், மாடி ஏறுவார், ஆனால் கிளட்சை அதை நம்பி மிதிக்க மாட்டேன் என்று நீ கொடுத்த இந்தக் கார் சாவியை மாதா படத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அதனால்தானே நீ ஆட்டோவின் கைக் கிளட்சைக் கொண்டு வந்து கியர் கம்பியோடு சேர்த்துப் பிணைத்தாய், இடது கையாலேயே கிளட்சையும் பிடிக்கலாம், கியரும் போடலாம் என்று. முதலில் போட்டதை அமுக்க என் மணிக்கட்டே கழன்றது, அப்புறம் நெம்புகோலை நீளமாக்கி மாற்றினாய். இவ்வளவும் செய்து அவரைக் கூட்டி வந்து காட்டினால் அவர் வாசலிலேயே நின்று, என்ன பொம்ம கார்ல குந்த வெச்சு வேடிக்க பாக்கப் போறீங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நீ அந்த வருத்தத்தோடுதான் விமானம் ஏறினாய். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு வாரம் குழம்பில் உப்பு கூடவே விழுந்தது, அவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

இப்போது ராசையா மாமா கதைக்கு வருகிறேன். நீ போன பிறகு காரின் தரையில் ஒரு விரிசல் பெரிதாகிக்கொண்டே போனது. கார் உடம்பு முழுக்க ஃபைபர் என்று நீ சொல்லியிருந்தாயே, காசிமேட்டில் மீன்பிடி ஃபைபர் போட்டுக்கு ஒட்டு போடுகிற ராசையாவை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அவரைக் கூட்டி வந்தேன். அப்பாவின் தோஸ்து, கூப்பிட்டதும் வந்துவிட்டார். நான் லாரிக்காரர்களோடு பேசிவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார், விரிசல் இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பு. போகும்போது, அடியில ரெண்டு ஓட்ட வேற இருந்துச்சு ஹில்டா, எவனோ ரப்பர் மூடிய வெச்சு ஏமாத்திகீறான், அத்தயும் சேத்து அடச்சிட்டேன், இனிமே கடல்லயே வுடலாம் என்று பெருமையாகச் சொன்னார். நானும் மகிழ்ந்துபோய் மீன் குழம்பு கொடுத்து அனுப்பினேன். தண்ணி தேங்காதும்மா, கீழ ஓட்டை இருக்கு, மழை வந்தா மூடியைக் கழட்டி வுட்டுடு என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கல்லறைத் திருநாள் கழிந்த அடுத்த வாரம் பிடித்தது பார் மழை. அன்றைக்கென்று கூரையைக் கழற்றித் தையல் மெஷினில் வைத்திருந்தேன், பின்பக்கத்துக்குக் கண்ணாடித் தாள் வைத்துத் தைக்கலாம் என்று. காரின் மேல் ஒரு பழைய தார்ப்பாயை மட்டும் போட்டு வைத்திருந்தேன், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காலையில் கோடவுனுக்குப் போனால் கார் கார் மாதிரி இல்லை, குளிக்கிற தொட்டி மாதிரி சீட்டைத் தொடுகிற அளவுக்குத் தண்ணீரோடு நிற்கிறது. ஒரு சொட்டுகூடக் கீழே ஒழுகவில்லை, ராசையாவின் வேலை அப்படி. நான் பார்த்துப் பார்த்துத் தைத்த சீட்டாயிற்றே. அப்பாவுக்குப் போன் போட்டு ராசையாவை உடனே அனுப்பச் சொன்னேன். ராசையா வந்தார், அவரோடு அப்பாவும் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் திரும்பிப் போய்விடுவார்.

ராசையா டப்பாவை வெட்டி எடுத்துக்கொண்டு, போட்டில் இறைக்கிற மாதிரியே குனிந்து குனிந்து இறைக்கிறார். மழையும் விடாமல் தூறுகிறது, இவர் இறைப்பதும் அது ஊற்றுவதும் சரியாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்ற அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. எத்தினி நாளு இறைப்ப, அடியில ஓட்ட போடுடா என்று கத்தினார். ராசையா நிமிர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அடியில ஓட்ட போட்ற வேலய நான் செய்ய மாட்டேன் மச்சான், எங்கப்பன் கைல பொயப்பு கத்துகினவன், இன்னா வோணா சொல்லு, அது மட்டும் ஆவாது என்றார். இது போட்டு இல்லடா, காருடா என்கிறார் அப்பா. எதுவா இருந்தா இன்னா, அடி அடிதான் என்கிறார் அவர். கோடவுன் ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அப்பா பக்கத்தில் கிடந்த ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டி, செயற்கைக் காலைக் கழற்றி என்னிடம் நீட்டினார். இத்த புடி, நனயக் கூடாது என்றார். உனக்குத் தெரியும், நம் வீட்டு ஆட்கள் முன்னால்கூட அதைக் கழற்ற மாட்டார், கதவைச் சாத்திக்கொள்வார். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேட்டரி ட்ரில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காரின் கதவைப் பிடித்து ஒரே தாவாகத் தாவி டிரைவர் சீட்டில் தண்ணீருக்குள் உட்கார்ந்தார். குனிந்து கையை விட்டுத் தடவவே இல்லை ரேச்சல். டிரைவர் காலுக்குக் கீழ ஒண்ணு, அந்தாண்ட சீட்டுக்கு முன்னால ஒண்ணு, அதே எடத்துல போடறன் என்று சொல்லி நேரே வைத்துத் துளைத்தார். தண்ணீர் சளசளவென்று கீழே கொட்டியது. ராசையா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். நான் அந்தக் காலைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறேன், என் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது, இந்த ஓட்டை எங்கே இருந்தது என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும். ராசையா அடைப்பதற்கு முன்னால் வந்து பார்த்திருக்க வேண்டும், ஒரு தடவை பார்த்தால் இவ்வளவு தெரியாது. பிறகு ஷாரிக் பாயிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பாப்பா இருந்தப்பவே மத்தியானத்துல வருவாரும்மா, நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரமாப் பாத்து வருவாரு, சொல்லாதன்னு கேட்டுகினாரு, நான் இன்னா பண்றது என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகும் அப்பா இறங்கவில்லை. வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, இடது கை தானாகக் கியர் மேல் போனது, நீ வைத்த கிளட்ச் பிடியைப் பிடித்து அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா. கேபிள் லூசா கீது, உன் பொண்ணு இவ்ளோ விளையாட்டா வுட்டா கியர் எப்டி வுயும் என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் ஒரு வண்டியைக் குறை சொல்லி நான் கேட்டு எத்தனை காலமாகிறது. உன் வேலையில் குறை கண்டுபிடித்தார் என்று நீ கோபப்படாதே மகளே, அதைக் கேட்க மாதா கோயிலில் நான் ஏற்றிய மெழுகுவர்த்திக்குக் கணக்கே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் என்னோடு கோடவுனுக்கு வந்துவிடுகிறார். கேபிளை இறுக்கினார், ஓட்டைகளுக்குப் புது ரப்பர் மூடி வாங்கிப் போட்டார், சீட்டை வெயிலில் வைத்து எடுத்தார், நுரை கொஞ்சம் நாறுகிறது, மாற்றிவிடுவேன். ராசையா தினமும் ஒரு தடவை வந்து மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அப்பா தானாகவே சாவியை எடுத்தார். ரோட்டில் இல்லை, பயப்படாதே, லைசென்ஸை மாற்றி வாங்காமல் ரோட்டில் எடுக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார், அதற்கு அலைந்துகொண்டிருக்கிறார், ஓட்டியது கோடவுன் வளாகத்துக்குள்தான். முதல் தடவை இன்ஜின் நின்றுவிட்டது, இரண்டாவது தடவை ஒரு குதி குதித்தது, நான் மாதாவே என்று கத்தினேன். அப்புறம் பார், லாரிகளுக்கு நடுவில் சந்து சந்தாகப் போய் ஒரு சுற்று வந்தார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, டிரெய்லர் ஓட்டும்போது இருக்கிற அதே கடுகடு முகம். நான் பக்கத்து சீட்டில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். காற்று முகத்தில் அடித்தது, துறைமுகத்துப் பக்கமிருந்து அந்த எண்ணெய் வாடையும் வந்தது, எனக்கு அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

இறங்கியதும் சொன்னார், இந்த சீட்டுல ரொம்பப் பயகிக்காத ஹில்டா, ஈஸ்டருக்குப் பாப்பா வருது, மீனம்பாக்கத்துலருந்து அது இதுல வரும், நீ பின்னாடி ஆட்டோல வா என்று. பிள்ளை பெற்று வளர்த்து, சீட்டும் கூரையும் தைத்துக் கொடுத்தவள் ஆட்டோவில் வர வேண்டுமாம். வரட்டும், வருகிறேன், எனக்கென்ன. நிறம் மட்டும் நீயே முடிவு பண்ணு, சிவப்பு வேண்டாமாம், தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கும் என்கிறார். ராசையா வீட்டில் மிச்சமிருக்கிற போட்டு பெயிண்டைக் கொண்டு வருகிறேன் என்று வேறு துடிக்கிறார், சீக்கிரம் பதில் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை, குளிருக்கு வெறும் ரொட்டியைத் தின்னாதே, சூடாக ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, பாஷை புரியாவிட்டாலும் போய் உட்கார். அப்பாவுக்குப் போன் செய்யும்போது இதெல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, கேபிள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேள், மீதியை அவரே சொல்லுவார். நம் கோயில் இராயப்பரும் மாதாவும் உன் தலைமேல் கை வைத்து உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஈஸ்டருக்கு வரும்போது மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வராதே. அந்தக் காரின் டிக்கியை அப்பா டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டார், உன் சின்னப் பெட்டி ஒன்றுதான் அதில் போகுமாம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா ஹில்டா