வெற்றி வெடி

வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளவத்தை.

தேர்தல் முடிவு வந்துவிட்டது. மாற்றம் கொண்டுவருவோம் என்ற கூட்டணிக்கே நாடாளுமன்றம். நானும் அவர்களுக்குத்தான் போட்டேன். இவ்வளவு பெரிய வெற்றியை எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அப்போது எங்கள் லேனில் சீனவெடி கொளுத்தினார்கள். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து யன்னலைச் சாத்தினார். பிறகு கண்ணாடியின் முன்னால் நின்று, நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார். எண்பத்துமூன்று கலவரத்தில், தமிழ் என்று தெரியாதபடி பொட்டில்லாத நெற்றியோடுதான் அவர் இந்தத் தெருவைக் கடந்து தப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது.

"அவங்கள் வெண்டதுக்குக் கொளுத்துறாங்கள் அம்மா. எங்கட ஆக்களும்தானே வோட் போட்டவை. இன்னும் என்னத்துக்குப் பயம்?"

"தெரியும் பிள்ளை. சத்தம் கேட்டா கை தானாப் போகுது."

"காலம் மாறிட்டுது!" என்று கத்தினேன்.

யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். நான்தான் போய்த் திறந்தேன். கீழ்வீட்டுக் குமாரி, கையில் பாற்சோற்றுத் தட்டு. வெற்றிக்காக எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறாளாம். எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்: "என்ன அக்கா, இன்றைக்கு ரெண்டு பேருக்குமே பொட்டில்லை?"

இப்போதுதான் முகம் கழுவினோம் என்று அம்மா சிங்களத்திலேயே சொல்லிச் சிரித்தார்.

தட்டை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினேன். இடது சின்ன விரலில் வாக்களித்த மை இன்னும் போகவில்லை. வலது ஆள்காட்டி விரல் நுனியில் என் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.