மாட்டியவனே கழற்ற வேண்டும்

அண்ணே,

இன்று காலை உங்கள் மகன் ஒரு சிவப்புத் தகட்டை என் மேசைமேல் வைத்தான். உங்கள் டூல்ஸ் பெட்டியில் கிடந்ததாம். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. அதில் "முனுசாமி" என்று எழுதியிருந்தது.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் அதற்கு டேக் என்று பெயர். மெஷினுக்குள் இறங்குகிறவன் ஸ்விட்சை அணைத்து, தன் டேக்கை அதில் மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும்.

அன்று ஷிப்ட் மாறும் நேரம். மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் முனுசாமி டேக்கை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று மேனேஜர் கத்தினார். "கழட்டுய்யா, லைன் நிக்குது!"

எலக்ட்ரீஷியனான நீங்கள் ஸ்விட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றீர்கள். "அவனே வந்து கழட்டட்டும் சார்."

நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. முனுசாமி வெளியே போனதாக என் பதிவேட்டில் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் முனுசாமி மெஷினுக்கு அடியிலிருந்த குழிக்குள்ளிருந்து ஏறி வந்தான். "இன்னாண்ணே, என்னிய வழியனுப்பவா இவ்ளோ கூட்டம்?" யாரும் சிரிக்கவில்லை. அவன் அந்த டேக்கைக் கழற்றி உங்கள் கையில் வைத்தான்.

மறுநாள் நீங்கள் குடித்துவிட்டுத் தகராறு செய்ததாக மேனேஜரிடமிருந்து ஒரு தாள் வந்தது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்த நான், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் வேலை போயிற்று. குடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னீர்கள். என் கையெழுத்து உங்களை மறுத்தது.

பிறகும் கோயிலில் திருவிருந்து வாங்கும்போது என் பக்கத்திலேயே மண்டியிட்டீர்கள். ஒருநாள் கோயில் வாசலில், "ஏன் என்னைத் திட்டவில்லை?" என்று கேட்டேன்.

"திட்டுனா வேல வந்துடுமா தம்பி? என்னிக்காவது என் புள்ளைகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சாக்கு. நீ சொன்னாதான் சாட்சி."

நேரம் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். போன மாதம் உங்களை அடக்கம் செய்தோம்.

இன்று உங்கள் மகன் நேராகவே கேட்டான். "சித்தப்பா, வர்ற ஞாயித்துக்கெழம புள்ளைக்கு ஞானஸ்நானம். அப்பா பேர வைக்கணும்னு கீறேன். பொண்ணு ஊட்ல குடிகாரன் பேரு வேணான்றாங்க. நீங்க அங்கதான இருந்தீங்க? மெய்யாலுமே குடிச்சிருந்தாரா?"

தகட்டையே பார்த்தேன்.

"இல்லப்பா. நான் பொய்ச்சாட்சி போட்டேன்."

அவன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். "அவரு உசுரோட இருக்கசொல்ல ஏன் சொல்லல?"

"பயம்" என்றேன். வேறு சொல் தேடினேன், இல்லை.

டீயைத் தொடாமலே எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி, "இத பொண்ணு ஊட்டுக்காரங்க எதிர்ல சொல்லுங்க. கோயில்ல" என்றான். தகட்டை எடுத்துப் போகவில்லை.

அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது, அண்ணே. சொல்ல வேண்டியதை மூன்று முறை எழுதிவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் பெயர்மேல் நான் மாட்டியதை நான்தான் கழற்ற வேண்டும். போதகர் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயர் என்னவென்று கேட்பதற்குள் நான் எழுந்து நிற்க வேண்டும்.