காற்றின் மேல் ஒரு பிராது

விருத்தாசலம்
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும், பெண்ணாடத்தில் உன் அண்ணன் ராஜ்மோகனும் அண்ணி பூர்ணிமாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்பது நேற்று போனில் உன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, மூக்குத் தோல் உரிந்து கருவாடு மாதிரி இருக்கிறாய், இருந்தாலும் கடிதம் என்றால் சுகம் கேட்டுத்தானே தொடங்க வேண்டும், அதனால் கேட்கிறேன், சுகமா? தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நான் ஆரம்பிப்பதற்குள் டூட்டிக்கு நேரமாயிற்று என்பாய், இல்லாவிட்டால் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார், இரண்டும் இல்லாவிட்டால் எனக்கே வாய் வராது. மங்கலம்பேட்டை சலீம் பாய் மகன் முபாஷிர் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிற பையில் முறுக்குக்கு அடியில் இதை வைக்கிறேன். முதலில் முறுக்கைத் தின்றுவிட்டு நிதானமாகப் படி.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால், பூர்ணிமாவுக்கு மசக்கை, மோர்ச்சோறு தவிர எதுவும் வயிற்றில் நிற்பதில்லை, நீ அத்தையாகப் போகிறாய், அவளிடம் ஒரு வார்த்தை பேசு. ராஜ்மோகன் ஆலை வேலையை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் ஆலை என்று ஓடிக்கொண்டிருக்கிறான். உன் அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. எனக்குப் பொம்மைக் கம்பெனியில் நவராத்திரி ஆர்டர், தலை நிமிர நேரமில்லை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்து நிழலில் அடுக்குவதிலேயே பொழுது போய்விடுகிறது. ஆடி வந்துவிட்டால் எங்களுக்குக் காற்றோடுதான் சண்டை, ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிட்டால் சரஸ்வதிக்குக் கழுத்தில் விரிசல் விட்டுவிடும், சாக்குப் படுதாவை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு திரிவோம். காற்று என்றாலே எனக்கு ஆகாது. நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம், அதற்காகத்தான் இவ்வளவு இழுக்கிறேன்.

நீ அந்தப் போட்டியைப் பற்றிச் சொன்ன அன்று எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. பலகை மேல் நின்றுகொண்டு, கையில் ஒரு படகுப் பாயைப் பிடித்துக்கொண்டு, காற்றைக் கொண்டே கடலில் போவது என்றாய். எஞ்சின் உண்டா என்றேன், இல்லை என்றாய். துடுப்பு உண்டா என்றேன், இல்லை என்றாய். உட்காரவாவது இடம் உண்டா என்றால் சிரிக்கிறாய். அந்த ஊர் மீன்பிடிக்காரர்கள், உன் ஆஸ்பத்திரி நர்சுகள், மலையாளத்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று ஊரே சேர்ந்து வருஷா வருஷம் ஒரு குப்பத்திலிருந்து இன்னொரு குப்பத்துக்குப் போவீர்களாம், கடைசியாக வருகிறவருக்கும் சாப்பாடு உண்டாம். அந்தச் சாப்பாட்டை ரூமிலேயே பொங்கித் தின்றால் இறங்காதா? தூரம் எவ்வளவு என்று உன் அப்பா விசாரித்து, நம்ம வூட்லேருந்து நெய்வேலி தாண்டி வடலூரு வரைக்கும் வருதுடி என்றார். வடலூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலே எனக்குக் கால் மரத்துவிடும். சம்பாதிக்கப் போனியா சறுக்கு வெளையாடப் போனியா என்று கத்திவிட்டேன், நீயும் பதிலுக்குக் கத்தினாய், அதற்கப்புறம் கொஞ்ச நாள் இரண்டு பேரும் அப்பா வழியாகவே பேசிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டேன். இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. நீயும் பார்த்திருக்கிறாய், காணாமல் போன மாடு, திரும்பி வராத புருஷன், சொன்ன சொல்லை மாற்றினவன் என்று ஊர் வழக்கெல்லாம் அந்த முருகனிடம்தான் வரும். யார் மேல் என்ன குறை என்று வெள்ளைத்தாளில் எழுதி, அவர் காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் இருக்கிற வேலில் கட்டிவிட்டால் மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும், வந்ததும் நாமே போய்ப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். யார் மேல் எழுதுவது என்பதிலேயே எனக்குக் குழப்பம். பெற்ற பெண் மேல் எழுதக் கை வரவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை. கடைசியில் காற்றின் மேல் எழுதினேன். போட்டி நடக்கிற ஆடி கடைசி வெள்ளிக்கிழமை காற்று அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். காற்று இல்லாவிட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் நீ ரூமில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாய் என்பது என் கணக்கு. சாமி போய்வருகிற தூரத்துக்கும் அங்கே கட்டணம் உண்டல்லவா, எந்த ஊருங்கம்மா என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். மஸ்கட்டுக்குத் தெக்க, கடல்ல என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடலுக்கு யாரும்மா கிலோமீட்டரு கல்லு நட்டு வெச்சிருக்காங்க, விருத்தாசலம்னே போட்டுக்கறேன், அவருக்கு வழி தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. உன் அப்பா சவாரிக்குப் போகாமல் முபாஷிரை வரச்சொல்லிவிட்டார், அவன் தன் போனில் கடல் படத்தைத் திறந்து, கடுகைக் கொட்டினது போலப் புள்ளிகளைக் காட்டி, இதுல மஞ்சளா இருக்குது பாருங்க, அதான் நம்ம கயலு என்றான். ஆளாளுக்குக் கையில் ஏதோ கட்டிவிட்டிருக்கிறார்களாம், அது காட்டிக்கொடுக்குமாம். அங்கே காற்று நன்றாகவே அடித்தது, போட்டி தொடங்கிவிட்டது, கொளஞ்சியப்பரே கைவிட்டுட்டியேப்பா என்று மனசுக்குள் திட்டினேன். நீயோ நேராகப் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தாய், பொண்ணுக்கு வழி தெரியலையே என்று நான் அலற, நேரா போனா காத்து ஏறாதுங்கம்மா, வளைஞ்சி வளைஞ்சிதான் போவணும் என்று முபாஷிர் சொன்னான். உன் அப்பா கிரிக்கெட் பார்ப்பது போல, தாண்டிட்டா, இன்னொருத்தனையும் தாண்டிட்டா என்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு நொடி அட என்றிருந்தது. அப்புறம் பாதி வழியில் எல்லாப் புள்ளியும் நின்றுவிட்டது. முபாஷிர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, காத்து சுத்தமா செத்துப்போச்சாம் என்றான். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அப்பாடா, அப்ப எல்லாரும் கரைக்கு வந்துடுவாங்கல்ல என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்து, எப்பிடிங்கம்மா வர முடியும், காத்துதான அதுக்குப் பெட்ரோலு என்றான்.

காற்று நின்றால் நீ வீட்டில் இருப்பாய் என்றுதான் நினைத்தேனே தவிர நடுக்கடலில் இருப்பாய் என்று எனக்கு எப்படியடி தெரியும்? கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார், நேரம்தான் நான் எழுதவில்லை. ஆட்டோவ எடுங்க, மணவாளநல்லூரு போவணும் என்றேன். உன் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தார். பின் ஸீட்டில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓட்டிக்கொண்டே காது கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், நான் ஆழத்துப் பிள்ளையாருக்கு தேங்கா ஒடச்சி நல்ல காத்தா குடுன்னு வேண்டியிருந்தன்டி என்றார். அண்ணனிடம் ஒருவர் காற்று கேட்க, தம்பியிடம் ஒருத்தி காற்றை நிறுத்தச் சொல்ல, கைலாசத்தில் இருக்கிற குடும்பத்திலும் சண்டை மூட்டிவிட்டோம். கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டம், முண்டியடித்துப் போய் நின்றேன். பிராது தீந்துடுச்சாம்மா என்று கேட்டார்கள். தீந்துபோச்சுங்க, அதான் தொல்லையே என்றேன். வாபஸ் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் பளிச்சென்று உறைத்தது, போன தடவை நான் எழுதினதில் உன் பெயரே இல்லை. காற்றைப் பற்றியே எழுதியிருக்கிறேன். என் மகளைக் காப்பாற்று என்று ஒரு வரி இல்லை. பெற்றவள் புத்தி இப்படியா போகும்? என்ன எழுதினேன் என்றே எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து செருப்பு விட்ட இடம் தெரியாமல் நிற்கிறேன், முபாஷிர் கூப்பிட்டு மோட்டார் படகு வந்து ஒவ்வொருவராக ஏற்றுகிறது என்றான். மஞ்சள் புள்ளியும் நகர ஆரம்பித்துவிட்டது என்றான். உன் அப்பா ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டார், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

மத்தியானம் நீ போன் செய்தபோது நான் எதிர்பார்த்தது வேறு. உயிர் பிழைத்து வந்த பெண் எப்படிப் பேசுவாள் என்று நினைத்தேனோ அப்படி நீ பேசவில்லை. காற்று நின்றதும் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு, யாரோ இடுப்புப் பையில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டு கதை பேசினீர்களாம், பயமே இல்லையாம். நான் இங்கே செத்துக்கொண்டிருந்தேன், நீ அங்கே கொட்டையைக் கடலில் துப்பிக்கொண்டிருந்தாய். சரி, சிரிக்கிறாளே என்று நினைப்பதற்குள் அழுதாய். பாதி தூரம் வந்துட்டேன்மா, யாரும் என்னைய முந்தலம்மா, இந்தக் காத்து இப்பிடிப் பண்ணிடுச்சேம்மா என்று அழுதாய். ஸ்கூலில் விழுந்து பல் உடைந்தபோதுகூட நீ அப்படி அழுததில்லை. காற்று இல்லையே என்று ஒரு பெண் அழுவாள் என்பதை நான் அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

எனக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் காற்றை நிறுத்தியது யார்? சீட்டில் விருத்தாசலம் என்று எழுதினார்களே, அதே வெள்ளிக்கிழமை இங்கேயும் வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் கம்பெனியில் சாக்குப் படுதா அசையவில்லை, ஒரு பொம்மையும் காயவில்லை, இது என்னாம்மா அதிசயமா இருக்குது என்று முதலாளி தலையைச் சொறிந்தாராம், மறுநாள் சொன்னார்கள், நான் பஞ்சை நனைக்க எழுந்து போய்விட்டேன். கோயிலிலிருந்து திரும்பும்போது மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஆட்டோவையே தள்ளுகிற மாதிரி காற்று வந்தது, உனக்கோ கரைக்கு வந்து சேர்ந்த பிறகு சாயங்காலம்தான் வந்ததாம். சீட்டிலிருந்த விலாசத்துக்கு முதலில் காற்றைத் திறந்துவிட்டு அப்புறம் அங்கே வந்தாரா, இல்லை கடல் என்றால் இப்படித்தான் நிற்குமா? கடல்ல காத்து நிக்கிறது சகஜம்ங்கம்மா, அவங்க படகு ரெடியாதான் வெச்சிருப்பாங்க என்று முபாஷிர் சொல்கிறான். உன் அப்பாவிடமும் கேட்டேன். சாமிகிட்ட போனியே, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்று நான் சோறு போட்டேன், குழம்பு ஊற்ற மறந்துவிட்டேன், அவரும் வெறும் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

நேற்று நீ, புரட்டாசியில் மறுபடி வைக்கிறார்கள், இந்தத் தடவையாவது காத்து நல்லா அடிக்கணும்னு வேண்டிக்கம்மா என்றாய். உம் என்று சொல்லிவிட்டுப் போனை உன் அப்பாவிடம் நீட்டிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்குப் பயம் போகவில்லை, போகவும் போகாது, நீ தண்ணீரில் நிற்கிற நேரமெல்லாம் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனாலும் நீ அப்படி அழுவதை இன்னொரு தரம் என்னால் கேட்க முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பரிடம் மறுபடி போகிறேன். இந்தத் தடவை யார் மேலும் குறை சொல்லி இல்லை. தாளை எடுத்து முதல் வரியில் உன் பெயரை எழுதி, இவள் நல்லபடி கரை சேர வேண்டும் என்று எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில்தான் நிற்கிறேன். காற்று வேண்டும் என்று எழுதலாம், எவ்வளவு என்று எழுத? குறைத்துக் கேட்டால் நின்றுவிடும், கூட்டிக் கேட்டால் கவிழ்த்துவிடும், அவரோ கேட்டதை அப்படியே கொடுத்துவிடுகிறவர்.

உப்புத் தண்ணீரில் முடி கொட்டிப்போகும், வாரம் ஒரு தரமாவது தலைக்கு எண்ணெய் வை. வெறும் வயிற்றில் கடலில் இறங்காதே. நம்ம ஊர் பழமலைநாதரும் அம்மனும் உன் கூடவே வரட்டும், போன இடத்தில் நீ நன்றாக இரு, நினைத்தது நடக்கட்டும். கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்கு இல்லை, எனக்குப் போன் செய். உனக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று நீயே சொல், நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் அம்மா
த. பெரியநாயகி